கிபியோனியர் பக்கத்திலிருந்து: எபிரேய வேதத்தில் நிலம், நீதி, போர்

யூபிலி என்கிற சொல் நம் மேடைகளுக்குப் புதிதல்ல. 1990களில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் சூடு பிடித்த காலத்திலிருந்து, கிறித்தவத் தோழர் ஒருவர் ஒலிபெருக்கி முன்னால் நின்றால் லேவியராகமம் 25ஆம் அதிகாரம் வராமல் இருக்காது. ஐம்பதாவது வருசம் எக்காளம் ஊதும். அடிமைப்பட்டவன் வீடு திரும்புவான். விற்ற நிலம் விற்றவனுக்கே திரும்பும். கேட்கவே நெஞ்சு நெறையுது. 2025ஐக் கத்தோலிக்கத் திருச்சபை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியபோது பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கோயில்களிலும் இந்தப் பேச்சைக் கேட்டேன். அந்த அதிகாரத்தை முழுசா வாசிங்க என்பதுதான் என் வேண்டுகோள். முழுசா என்றால் 46ஆம் வசனம் வரைக்கும்.

முதலில் தமிழைப் பார்ப்போம். சீர்திருத்தச் சபைகளின் பழைய தமிழ் வேதாகமத்தில், யூபிலி வருசத்தில் ஒவ்வொருவனும் தன் தன் 'காணியாட்சி'க்குத் திரும்புகிறான். காணியாட்சி என்பது சாதாரணச் சொல்லா? வேளாளரும் பிராமணரும் தலைமுறை தலைமுறையாய் நிலத்தின்மீது வைத்திருந்த உரிமைக்குப் பெயர் அது. வெள்ளைக்காரன் அதை மிராசு என்று எழுதிக்கொண்டான். நம்ம சனத்துக்குக் காணி எது? அரை வயிற்றுக் கூலியும், செத்த மாட்டின் தோலும், ஊருக்கு வெளியே மேட்டில் நாலு குடிசையும்தான். தன் காணிக்குத் திரும்பு என்று எக்காளம் ஊதினால் நாம் எங்கே திரும்புவது? யூபிலி, ஒருகாலத்தில் நிலம் வைத்திருந்து இழந்தவனுக்கு நீதி. நிலமே இல்லாதவனைப் பற்றி அந்த எக்காளத்துக்கு ஒன்றும் தெரியாது.

இந்த வித்தியாசம் ஏட்டோடு நிற்பதில்லை. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கென்று 1990களில் பதிமூன்று கிராமங்களில் நிலம் எடுத்தார்கள். மின்நிலையம் வரவில்லை. கொடுத்தவர்கள் வருசக்கணக்கில் நீதிமன்றத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடந்தார்கள். கடைசியில் நிலத்தைத் திருப்பித் தருவது என்று அரசு முடிவுக்கு வந்தது. நல்லது, தரட்டும். இதை யூபிலி என்றே சொல்லலாம். ஆனால் திரும்புவது பட்டாவுக்கு. அந்த நிலத்தில் நாற்று பிடுங்கி, களையெடுத்து, கடலை ஆய்ந்து பிழைத்தவளுக்குப் பட்டா இல்லை. அவளுக்கு எது திரும்பும்?

பஞ்சமி நிலத்தின் கதை வேறு. செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார்; 1892இல் அரசு ஆணை பிறந்தது. பத்து வருசத்துக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்குத் தவிர யாருக்கும் கைமாற்றக் கூடாது. நிலத்தை அறுதியாக விற்காதே என்ற லேவியராகமச் சட்டத்தோடு இதைச் சேர்த்துப் படித்தால் ஒற்றுமை பளிச்சென்று தெரியும். இன்னொரு ஒற்றுமை, இரண்டும் மீறப்பட்டன. காரணை பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். பஞ்சமி நிலம் காணியாட்சி அல்ல. காணி இல்லாதவனுக்கென்று புதிதாக ஒதுக்கியது. அந்த வகையில் 1892ஆம் ஆண்டு ஆணை லேவியராகமத்தைவிட ஒரு படி முன்னால் போயிருக்கிறது என்று நான் துணிந்து சொல்வேன்.

இப்போது 23ஆம் வசனம். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளும்தான் என்று கடவுள் சொல்வதாக வருகிறது. அருமையான இடம். நிலத்துக்குச் சொந்தக்காரன் எவனும் கிடையாது, எல்லாரும் வந்து தங்கியவர்கள். புறக்குடி என்ற சொல்லை மொழிபெயர்த்தவர் எங்கிருந்து எடுத்தாரோ, நம் தெருவுக்குப் பக்கத்திலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் அங்கிருந்து இருபத்திரண்டு வசனம் தாண்டிப் போங்கள். உங்கள் நடுவில் தங்கியிருக்கிற புறக்குடிகளின் பிள்ளைகளை நீங்கள் விலைக்கு வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம், அவர்கள் என்றைக்கும் அடிமைகள். எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் புறக்குடிக்கு ஒரே சொல். இன்னும் கொடுமை, 10ஆம் வசனத்தில் காணியாட்சிக்கு எந்த எபிரேயச் சொல்லோ, 45ஆம் வசனத்தில் இந்த அடிமைப் பிள்ளைகளுக்கும் அதே சொல். மனுசன் காணி ஆகிவிட்டான். அவனுக்கு ஐம்பதாம் வருசமும் எக்காளம் இல்லை. நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்ற வழக்கத்தைத் தமிழ்நாடு அறியும். சட்டப்படி அது ஒழிந்ததே 1843இல்தான்.

சபைகளில் இன்னொரு பேச்சு உண்டு, உக்கிராணத்துவம். பூமி ஆண்டவருடையது, நாமெல்லாம் அவருடைய உக்கிராணக்காரர்கள், சாமானைப் பத்திரமாகப் பார்த்துக் கணக்குக் கொடுக்க வேண்டும். உக்கிராணம் என்றால் என்ன? கோயிலிலும் ஜமீனிலும் நெல்லும் பருப்பும் எண்ணெயும் பூட்டி வைக்கிற அறை. நம்மாளு களத்துல அடிச்சி, தூத்தி, மூட்டை கட்டி, தோள்ல தூக்கிக்கிட்டுப் போயி உக்கிராண வாசல்ல எறக்கி வைப்பான். உள்ளே கால் வைக்க மாட்டான். சாவி அவன் இடுப்பில் என்றைக்கும் தொங்கியதில்லை. அவனைப் பார்த்து 'நீயும் உக்கிராணக்காரன்தான், பூமியைக் கெடுத்ததுக்கு நீயும் கணக்குச் சொல்லு' என்றால் அதில் நீதி இருக்கிறதா? அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தக் குழியை நாம் எல்லோரும் சேர்ந்து தோண்டவில்லை. சுற்றுச்சூழல் ஞாயிறுகளில் வருகிற அந்த 'நாம்' மிகவும் சௌகரியமான சொல்.

ஆதியாகமத்தில் மனுசனுக்கும் பூமிக்கும் உறவு இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. முதல் அதிகாரத்தில் பூமியைக் கீழ்ப்படுத்தச் சொல்கிறது. 'காபாஷ்' என்பது எபிரேய வினை. இதே வினை யோசுவா 18இல் வருகிறது, கானான் தேசம் படையெடுத்தவர்களுக்குக் கீழ்ப்பட்டுக் கிடந்தது என்று. நெகேமியா 5இலும் வருகிறது. கடன்பட்ட ஏழைகள் தங்கள் பெண்பிள்ளைகள் அடிமைப்பட்டுப் போனதைச் சொல்லி அழும் இடம். நிலம், தேசம், பெண் மூன்றுக்கும் ஒரே வினை. இரண்டாம் அதிகாரத்துச் சொற்கள் வேறு. தோட்டத்தில் மனுசனை வைத்தது அதற்கு உழைக்க, அதைக் காக்க. 'ஆபாத்' என்பது உழைப்பு. அடிமைக்கு எபிரேயத்தில் உள்ள 'எபெத்' அதே வேரிலிருந்து வருவது. ஆக, ஆதாம் ஜமீன்தார் இல்லை. ஏதேனின் பண்ணையாள், கூடவே காவல்காரன். நம் இறையியலாளர்கள் உக்கிராணத்தை விட்டுவிட்டு இந்தப் பண்ணையாளிடம் வந்தால் பேச நிறைய இருக்கிறது.

அடுத்து போர். உபாகமம் 20ஆம் அதிகாரம் போருக்குச் சட்டம் வகுக்கிறது. புது வீடு கட்டியவன், திராட்சைத் தோட்டம் வைத்தவன், பெண் நிச்சயமானவன், பயந்தவன் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். தூரத்து ஊர் என்றால் முதலில் சமாதானம் கேள். ஒப்புக்கொண்டால் ஊரே உனக்குக் கட்டாய வேலை செய்யட்டும். மறுத்தால் ஆண்களை வெட்டு, பெண்களும் பிள்ளைகளும் ஆடுமாடும் கொள்ளை. பக்கத்து ஊர் என்றால், அதாவது நீ குடியேறப்போகிற நிலத்தின் சனங்கள் என்றால், மூச்சுள்ள எதையும் விடாதே. இதைச் சொல்லி முடித்த கையோடு, முற்றுகை போடும்போது பழமரத்தை வெட்டாதே என்கிறது. இந்த மரச் சட்டத்தை இன்று சூழலியல் பேசுகிறவர்கள் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் அந்த மரத்தை நட்டவன் என்ன ஆனான் என்று ஒரு தரம் மேலே பார்த்திருக்கலாம். பழைய தமிழ் வேதாகமம் இந்த அழிப்புக்குச் 'சங்காரம்' என்ற சொல்லைப் போடுகிறது. சூரசங்காரம் நடக்கிற நாட்டில் அது உடனே விளங்கும். செத்தவன் அசுரன் என்று எழுதிவிட்டால் கொன்றவனுக்குத் திருவிழா.

இதையெல்லாம் ஒட்டித்தான் நம்முடைய சிக்கல். ஏ. பி. நிர்மல் 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் சூத்திர இறையியல் என்று பேசித் தொடங்கியதுதான் பிறகு தலித் இறையியலாக வளர்ந்தது. உபாகமம் 26இல் உள்ள பழைய விசுவாச அறிக்கையை அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டார்: அலைந்து திரிந்த முன்னோர், எகிப்தின் அடிமைத்தனம், கூக்குரல், விடுதலை, நிலம். நம் வலிக்கு மொழி கொடுத்த பெரிய காரியம் அது, சந்தேகமில்லை. ஆனால் அந்த அறிக்கை 'இந்த நிலத்தைக் கொடுத்தார்' என்று முடிகிறபோது, கொடுக்கும் முன்னால் அங்கே இருந்தவன் யார் என்று அதில் ஒரு எழுத்தும் இல்லை. நாமோ நம்மை ஆதிதிராவிடர் என்கிறோம். அயோத்திதாசர் பூர்வ பௌத்தர் என்றார். பூர்வம் என்றாலும் ஆதி என்றாலும் பொருள் ஒன்றே: வந்தவன் வருமுன் இங்கே இருந்தவன். அப்படிப் பார்த்தால் வேதத்தில் நம்முடைய இடம் யோசுவாவின் படையில் இல்லை, கானானியர் தெருவில். அமெரிக்கப் பூர்வகுடியான ஒசேஜ் இனத்து அறிஞர் ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் இதைத் தன் சனத்துக்குச் சொன்னார். பாலஸ்தீனக் கிறித்தவர்களும் சொல்கிறார்கள். நாம் ஏன் இன்னும் யாத்திராகமத்தோடு நிறுத்திக்கொண்டு, அடுத்து வருகிற யோசுவா புத்தகத்தை மூடி வைக்கிறோம்?

அந்தப் போர் நடக்கவேயில்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். காத்லீன் கென்யன் 1950களில் எரிகோவைத் தோண்டினார்; யோசுவாவின் காலம் என்று சொல்லப்படுகிற காலத்தில் விழுவதற்கு அங்கே மதில் இல்லை. இஸ்ரவேலரே கானானிய உழவர்கள்தான், நகரத்துப் பிரபுக்களை எதிர்த்து மலைக்கு ஏறியவர்கள் என்று நார்மன் காட்வால்ட் 1979இல் எழுதினார். விடுதலை இறையியலாளருக்கு அது தேனாய் இனித்தது. இருக்கட்டும். நடக்காத சூரசங்காரத்துக்கு வருசா வருசம் சூரன் தலை விழவில்லையா? நடந்ததா என்பதல்ல, நடந்ததாகப் பாடும்போது யார் கை ஓங்குகிறது என்பதே கேள்வி.

யோசுவா 9ஆம் அதிகாரத்துக்கு வருகிறேன். எனக்கு வேதம் முழுவதிலும் முக்கியமான அதிகாரம் அது. கிபியோன் ஊர்க்காரர்கள், அடுத்த சாவு தங்களுக்கு என்று தெரிந்து, கிழிந்த கோணி, பூசணம் பிடித்த ரொட்டி, தையல் போட்ட தோல்பை, பிய்ந்த செருப்போடு வந்து தூரதேசத்தார் போல நடித்து உயிருக்கு உடன்படிக்கை வாங்கிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் உண்மை தெரிகிறது. கொல்ல முடியாது, சத்தியம் செய்தாயிற்று. அதனால் சபைக்கும் பலிபீடத்துக்கும் விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் அவர்களை வைக்கிறார்கள், இன்றுவரைக்கும் என்று கதை முடிகிறது. அடுத்த அதிகாரத்தில் கிபியோன்மேல் சூரியன் நின்றதைப் பிரசங்கம் பண்ணாத போதகர் கிடையாது. அந்தச் சூரியனுக்குக் கீழே தண்ணீர் சுமந்தவனைப் பற்றி ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்லை.

இது ஒரு சாதி உண்டான கதை. அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதார் யார் என்ற நூலில், போரில் தோற்றுச் சிதறிய குலங்கள் ஊருக்கு வெளியே குடியேறி, ஊருக்குக் காவல் வேலை பார்த்ததாகச் சொல்கிறார். அயர்லாந்தும் வேல்சும் அவர் காட்டும் ஒப்புமைகள். கிபியோனையும் அந்த வரிசையில் வைக்கலாம். பிற்கால யூத மரபு கோயில் ஊழியரான நிதனீமியரைக் கிபியோனியரின் வழிவந்தவர் என்று கொண்டது. அவர்களோடு இஸ்ரவேலர் மணம் செய்யக்கூடாது என்று மிஷ்னா விதிக்கிறது. அகமணம்தான் சாதியின் முதுகெலும்பு என்று 1916இலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். இங்கே அதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். கிபியோனியன் மொண்ட தண்ணீர் பலிபீடத்துக்குப் போனது. எங்க ஆயா ஊர்த்தெருவுக்கு விறகு சொமந்தா, சாணி சொமந்தா. தண்ணி மட்டும் சொமக்கல, தொட விடமாட்டான். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் சனம் குடிக்கிற தொட்டியிலேயே மலம் கலக்கப்பட்டது. யோசுவாவின் சட்டத்தைவிட மனுவின் சட்டம் ஆழம்.

யூதர்களைத் திட்டுவதற்கு இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஏழு இனங்களும் கலந்து மறைந்துபோயின, இனி யார்மேலும் அந்தச் சட்டம் செல்லாது என்று ஒதுக்கி வைத்ததும் யூத மரபுதான். ஒதுக்கியதைத் தூசி தட்டி எடுப்பது அரசுகள். 2023 அக்டோபர் 28 அன்று நெதன்யாகு அமலேக்கை நினைத்துக்கொள்ளச் சொன்னார். ஹமாசைத்தான் சொன்னோம் என்று விளக்கம் வந்தது. தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் அந்தப் பேச்சும் சான்றாக வைக்கப்பட்டது.

இந்த இடத்தில் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சி நினைவுக்கு வருகிறது. வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் கட்டி, திருக்காவலூர் என்று பெயர் வைத்த ஊர். அரியலூர் மழவராயர் நோய் நீங்கியதற்கு நன்றியாகக் கோயிலுக்கு 175 ஏக்கர் கொடுத்தார் என்பது தலவரலாறு. கொடுத்தவர் பெயர் தெரிகிறது, வாங்கியவர் பெயர் தெரிகிறது. அதில் ஏர் ஓட்டியவன் பெயரை எந்தத் தலவரலாறு சொல்கிறது? முனிவர் 1726இல் முடித்த தேம்பாவணியில் 'சோசுவன் வெற்றிப் படலம்' என்று ஒன்று உண்டு, சோசுவன் யோசுவா. அடுத்த படலத்தில் கிதியோனின் வெற்றி. அதற்கடுத்தது 'காசை சேர் படலம்'. காசை என்பது காசா. இந்தப் படலங்கள் வருமிடம் எது? ஏரோதின் வாளுக்குத் தப்பிக் கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடும் குடும்பத்தின் பயணம். அகதிகள் நடக்கிற வழியில் வெற்றிப் படலம்! தமிழ்க் காப்பிய மரபில் வென்றவனுக்குத்தான் படலம் உண்டு. முனிவர் அந்த மரபை நன்றாகக் கற்றுக்கொண்டார் என்பதுதான் என் குறை. நம்மூர்ப் பெருமையும் அப்படித்தானே. ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம் என்று ஊர்ப்பெயரே கொண்டவன் பக்கம் நிற்கிறது. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இருக்கின்றன. அதைச் சொல்லி யாரும் விழா எடுப்பதில்லை.

வேதத்தைத் தூக்கி எறியலாமா என்று கேட்கும் இளைய தோழர்களுக்கு ஆமோசைக் காட்டுவேன். ஆடு மேய்த்தவன், காட்டத்திப் பழம் பறித்தவன். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியுள்ள ஊர்களின் போர்க்குற்றங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறான்: ஒரு சனத்தையே நாடுகடத்தியது, கர்ப்பிணிகளைக் கீறியது. கேட்கிறவன் தலையாட்டிக்கொண்டே வருவான். அப்புறம் யூதா, கடைசியில் இஸ்ரவேல், ஒரு ஜோடி செருப்புக்கு ஏழையை விற்றாயே என்று. ஒன்பதாம் அதிகாரத்தில் இன்னும் போய், உன்னை மட்டுமா எகிப்திலிருந்து கொண்டுவந்தேன், பெலிஸ்தரையும் சீரியரையும் கொண்டுவந்தது யார் என்று கடவுளே கேட்பதாக முடிக்கிறான். விடுதலைக்கு ஏகபோக உரிமை கிடையாது.

அடுத்தவன் ஊரில் தொடங்கித் தன் ஊரில் முடிக்கிற அந்த முறை நமக்கும் வேண்டும். 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளில், செந்துறை வட்டம் பொன்பரப்பியில் பானைச் சின்னத்தை ஒட்டிக் கிளம்பிய தகராறில் நம் தெருவில் பல வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். அதை எழுதினோம், கத்தினோம், சரி. அருந்ததியருக்கு 2009இல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது நம்மவர்களில் சிலர் பேசிய பேச்சையும் அதே பேனாவால் எழுத வேண்டும். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் அந்த முணுமுணுப்பு அடங்கவில்லை. நம்ம சேரிக்கும் ஒரு கடைக்கோடி இருக்குது. அங்கேயும் விறகு வெட்டுறவன் இருக்கான்.

கிபியோனியர் கதைக்கு ஒரு பின்பாகம் உண்டு, 2 சாமுவேல் 21. தாவீதின் நாளில் மூன்று வருசம் பஞ்சம். காரணம் கேட்டால், சவுல் கிபியோனியரைக் கொன்ற இரத்தப்பழி என்று பதில் வருகிறது. கவனியுங்கள்: சவுல் அவர்களைக் கொன்ற நிகழ்ச்சி சவுலின் சரித்திரத்தில் எங்கேயும் எழுதப்படவில்லை. தண்ணீர் சுமக்கிறவன் வெட்டுப்பட்டபோது எஃப்.ஐ.ஆர். கிடையாது, ஊருக்குச் சோறு இல்லை என்றதும்தான் பழைய கேஸ் தோண்டப்படுகிறது. வெள்ளியும் பொன்னும் எங்களுக்கு வேண்டாம் என்கிறார்கள் கிபியோனியர். சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்டு வாங்கி மலையில் தூக்குகிறார்கள். இதை நீதி என்று நான் சொல்ல மாட்டேன். செத்த ஏழு பேர் கொன்றவர்கள் என்று அங்கே எழுதியில்லை, கொடுத்தனுப்பிய ராஜாவுக்குப் போட்டி வாரிசுகள் ஒழிந்த லாபம் வேறு. ஆனால் அந்த ஏழு பேரில் இருவரைப் பெற்ற ரிஸ்பாள் என்கிற பெண், சவுலின் மறுமனையாட்டி, கோணியை எடுத்துப் பாறைமேல் விரித்து உட்கார்ந்துவிடுகிறாள். வாற்கோதுமை அறுப்புத் தொடங்கி மழை விழுகிறவரைக்கும், பகலில் பறவையும் இரவில் மிருகமும் அந்த உடல்களைத் தொடாதபடி காத்துக் கிடக்கிறாள். தன் பிள்ளைகள் இரண்டை மட்டுமல்ல, ஏழையும். சேதி ராஜாவுக்குப் போகிறது. எலும்புகளைப் பொறுக்கி அடக்கம் பண்ணுகிறார்கள். அதற்குப் பிறகுதான் கடவுள் தேசத்தின் வேண்டுதலைக் கேட்டார் என்று எழுதியிருக்கிறது, ஏழு பேரைத் தூக்கியதும் கேட்டார் என்று இல்லை.

கத்தோலிக்கத் திருவழிபாட்டின் ஞாயிறு வாசகங்களில் யோசுவா நூலிலிருந்து வருவது இரண்டே பகுதிகள்: கானானில் முதல் பாஸ்கா, கடைசியில் சீக்கேமில் எடுத்த உறுதி. நடுவில் உள்ள சங்காரமும் வராது, கிபியோனும் வராது. ரிஸ்பாளும் ஞாயிறுகளில் வருவதில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் 2 சாமுவேல் 21ஐ எடுத்து வாசித்தால் என்ன என்று நம் சாமியார்களையும் போதகர்களையும் கேட்கிறேன். சேரிக் கல்லறைக்கும் ஊர்க் கல்லறைக்கும் நடுவில் இன்னும் சுவர் நிற்கிற பங்குகளில் முதலில் வாசிக்கட்டும், அந்தச் சுவர் ஓரத்தில் நின்று.